சப்பாணியை யாரும் தேடக் கூடாது

பிரவீன்குமார் நூறு எண்ணி முடித்த பிறகும் எண்ணுகிற சத்தம் நிற்கவில்லை.

அருணா முதலில் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அறந்தாங்கியில் அக்கா வனிதாவின் வீட்டு ஹாலில், சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். மாதாந்திரப் பராமரிப்பு என்று சொல்லிக் காலை ஒன்பது மணிக்கே கரண்டை நிறுத்திவிட்டார்கள். இன்வெர்ட்டரும் மத்தியானச் சோறு இறங்குவதற்குள் உயிரை விட்டுவிட்டது. செவ்வாய்க்கிழமை அவள் இங்கே வந்து இறங்கியதிலிருந்து விடாமல் இரைந்துகொண்டிருந்த ஃபேனும் ஃபிரிட்ஜும் ஏசியும் ஒரேயடியாக வாயடைத்துப்போனதில், மே மாதத்து மூன்று மணி வெயிலில், சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்வதுகூட யாரோ பக்கத்தில் உட்கார்ந்து நாக்கைச் சப்புக்கொட்டுவதுபோல் கேட்டது. மணமேல்குடி ரோட்டில் எப்போதாவது ஒரு பஸ் ஹாரன். மற்றபடி அக்கா பிள்ளைகள் மூன்று பேரும் கண்ணாமூச்சி ஆடுகிற சத்தம்தான். மூத்தவன் பிரவீன்குமார், பதினான்கு வயசுக்காரன், ஹால் தூணில் நெற்றியை முட்டிக்கொண்டு, "தொண்ணூத்தி ஒம்போது, நூறு, வாரேன்" என்று கத்திவிட்டுக் கொல்லைப்புறம் ஓடினான். அவன் ஓடிய பிறகு மாடியில் யாரோ அடுத்த எண்ணைச் சொன்னார்கள்.

என்ன எண் என்று பிடிபடவில்லை. ஆனால் எண்ணுகிற தாளம் யாருக்கும் தெரியும். ஒரு சொல், ஒரு இடைவெளி, மறுபடி ஒரு சொல். நிதானமாக, அவசரமே இல்லாமல், சம்பளம் வாங்கிக்கொண்டு எண்ணுகிற மாதிரி.

எதிரொலி என்று நினைத்துக்கொண்டாள். இந்த வீட்டில் எதிரொலிக்கு என்ன பஞ்சம். ரத்தினவேல் அத்தான் பதினாறு வருஷம் குவைத்தில் கிடந்து கட்டிய வீடு. மாடியில் நாலு ரூம், நாலிலும் ஆள் கிடையாது. கட்டில்களுக்கு வந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. பெரிய பெரிய அட்டைப் பெட்டிகள், ஊருக்கெல்லாம் கொடுத்தும் தீராத கம்பளிகள், பாச்சை உருண்டை வாசனை, அதற்கு மேல் வெளிநாட்டு சோப்பு வாசனை. வந்த அன்றைக்கு ஒருமுறை அருணா மாடிப்படி வரை போனாள். "நீ படி ஏறக் கூடாதுடி" என்று வனிதா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அக்காவுக்குத் தன்மேல் இவ்வளவு பாசமா என்று அருணாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

கலங்காதா பின்னே. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். இரண்டு தடவை தங்கி, இரண்டு தடவையும் பத்து வாரத்துக்குள் போய்விட்டது. இது மூன்றாவது. பன்னிரண்டு வாரம் தாண்டி நின்றிருந்தது. நாளைக்கு ஸ்கேன். குளத்தூரில் மாமியாருக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. கண் பட்டுவிடும் என்று பயம். புருஷன் கோபிநாத்துக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். கிரகப்பிரவேசத்துக்குப் பிறகு ஒரு தடவைகூட வா என்று கூப்பிடாத அக்கா, சேதி கேட்ட மறுநிமிஷம், "அவரு ட்ரெயினிங்னு சென்னைக்குப் போனா நீ ஒத்தையில கெடப்பியா? கார் அனுப்புறேன், இங்கிட்டு வந்துரு" என்றாள். போனை வைத்துவிட்டு அருணா சந்தோஷத்தில் அழுதாள்.

சோபாவுக்குப் பின்னால் சரசரவென்று சத்தம். அக்காவின் மகள் ஹரிணி, பத்து வயசு, குனிந்து ஒளிந்துகொண்டிருந்தாள்.

"சித்தி, என்னையக் காட்டிக் குடுத்துறாதீங்க."

"மாட்டேன். சந்தோஷ் எங்க ஒளிஞ்சிருக்கான்? அவன் பாவம், சின்னப் புள்ள. பாத்து வெளாடுங்க."

சந்தோஷ் கடைக்குட்டி. நாலு வயசு. சின்னதும் பெரியதுமாகப் பிள்ளைகள் சேர்ந்து ஆடும்போது, ஆகச் சின்னதை ஒப்புக்குச் சப்பாணி என்று வைத்துக்கொள்வது எந்த ஊரிலும் உள்ள வழக்கம்தான். அழாமல் இருக்க ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அது ஒளியலாம், ஓடலாம், ஆனால் யாரும் அதைத் தேட மாட்டார்கள். கண்ணில் பட்டாலும் அவுட் கிடையாது.

"அவன் இப்ப சப்பாணி இல்ல சித்தி" என்றாள் ஹரிணி. "அவனும் எங்கள மாதிரி நெசமான ஆளு. செவ்வாக்கெழமையிலேருந்து."

"அப்ப யாரு சப்பாணி?"

ஹரிணியின் கண் அருணாவின் முகத்திலிருந்து இறங்கி, நைட்டிக்கு மேல் போட்டிருந்த துண்டில் வந்து நின்றது. அருணா தன்னை அறியாமல் துண்டை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். பிள்ளைகளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன் என்று வனிதா தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தாள்.

"மேல யாரு எண்ணுறது, ஹரிணி?"

"அதுதான் தேடுறது."

"எது?"

சிறுமி சலித்துக்கொண்டாள். ஆட்டம் தெரியாத ஆளுக்கு ஆட்டத்தை விளக்குகிற சலிப்பு. "போன வருசம் லீவுல சந்தோஷ மாடி ரூம்ல ஒளியச் சொல்லிட்டு நாங்க தேடல. சப்பாணின்னா தேடக் கூடாதுல்ல. நாங்க பாட்டுக்கு ஐஸ் சாப்பிடப் போயிட்டோம். அவன் உள்ள கெடந்து அழுதான். ரொம்ப நேரம் அழுதான். அப்புறம் சிரிச்சான். போய்ப் பாத்தா, என்னைய ஒருத்தங்க தேடுறாங்கன்னு சொன்னான்."

அருணா எழுந்து உட்கார்ந்தாள். மாடியில் ஒரு சொல். இடைவெளி. மறுபடி ஒரு சொல்.

"பிரவீன் அண்ணன் பெரியவன், அதனால நூறு எண்ணணும். நான் அம்பது. சந்தோஷ் இருபது எண்ணுனாப் போதும். பெரிய ஆளா ஆக ஆக நெறைய எண்ணணும் சித்தி, அதான் ரூல்ஸ்." ஹரிணி குரலைத் தாழ்த்தினாள். "அது ரொம்ப ரொம்பப் பெருசு. அதான் இன்னும் எண்ணுது."

கொல்லையில் பிரவீன்குமாரின் காலடி கேட்டதும் ஹரிணி பூனைமாதிரி நழுவி வாசல் பக்கம் ஓடிவிட்டாள்.

பிள்ளைகள் கட்டுகிற கதை. அருணா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பயப்படக் கூடாது, பயப்பட்டால் உள்ளே இருப்பதற்கு ஆகாது என்று நினைக்க நினைக்கப் பயம் கூடியது. மாடிப்படியின் அடியில் போய் நின்று காதைக் கொடுத்தாள். படிக்கட்டு வழியாக மேலேயிருந்து பாச்சை உருண்டை வாசனையோடு ஒரு குளிர்ச்சி இறங்கி வந்தது. கரண்ட் இல்லாத வீட்டில், மொட்டை மாடி கொதிக்கிற நேரத்தில், ஏது குளிர்ச்சி. குரல் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியவில்லை. எண் மட்டும் இப்போது தெளிவாகக் கேட்டது.

"இருபத்தி நாலாயிரத்து எண்ணூத்தி அறுவது."

இடைவெளி.

"இருபத்தி நாலாயிரத்து எண்ணூத்தி அறுவத்தி ஒண்ணு."

செவ்வாய்க்கிழமையிலிருந்து. ராத்திரி முழுக்க. அவள் ஏசி போட்டுத் தூங்கியபோதும், அக்கா ஊட்டாத குறையாகச் சோறு போட்டபோதும், இது மேலே உட்கார்ந்து எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது. அருணா தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனாள்.

ஃபிரிட்ஜ் கதவில் காந்த வில்லையால் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கம். மூன்று நாளாக அந்தக் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தவள், பிள்ளைகளின் கிறுக்கல் என்று அதைப் படித்ததே இல்லை. இப்போது படித்தாள். யார் எத்தனை எண்ண வேண்டும், யார் எங்கே ஒளியலாம் என்று வயசு வாரியாக எழுதியிருந்தது. சந்தோஷ் மாடிக்குப் போகக் கூடாது. சப்பாணியை யாரும் தேடக் கூடாது. சப்பாணி எங்கே இருக்கிறது என்று யாரும் சத்தமாகச் சொல்லக் கூடாது. கடைசியில், "சப்பாணி இந்த வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும்" என்று எழுதி அடியில் இரண்டு கோடு.

அந்த வரியைப் படித்தபோதுதான் கையெழுத்து உறைத்தது. ககரத்தின் வாலை இழுத்து மேலே வளைக்கிற எழுத்து. பள்ளிக்கூடத்தில் அருணாவின் நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டுப் பேர் எழுதிக் கொடுத்த எழுத்து. பிள்ளைகள் எழுதிய தாள் இல்லை இது. அக்கா எழுதியது.

கீழே "சப்பாணி" என்று போட்டு வரிசையாகப் பெயர்கள். "சந்தோஷ்", அடித்திருந்தது. "செவந்தி பாப்பா", அடித்திருந்தது. மறுபடி "சந்தோஷ்", அதையும் அடித்திருந்தது.

செவந்தி இந்த வீட்டில் வேலை செய்தவள். கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு வருவாள். "தூங்குன புள்ள தூங்குனபடியே போயிருச்சுடி, ஆறு மாசப் புள்ள" என்று மார்ச் மாதம் வனிதா போனில் சொன்னாள். சொல்லும்போது அக்கா குரலில் பெரிய பாரம் ஒன்று இறங்கினதுபோல் இருந்தது. அழுது ஓய்ந்த குரல் என்று அன்றைக்கு அருணா நினைத்தாள். நினைத்து ஆறுதலும் சொன்னாள்.

கடைசிப் பெயர் நீல மையில் புதிதாக இருந்தது. அடிக்கவில்லை.

"அருணாவோடது."

பக்கத்தில் தேதி. அருணா போன் செய்து சேதி சொன்ன அதே தேதி.

அவள் தாளைக் கிழித்தாள். நாலாக, எட்டாக. மாடியில் எண்ணுகிற குரல் ஒரு சொல்கூடத் தவறவில்லை. தாளைக் கையில் கசக்கிக்கொண்டே வாசலுக்கு நடந்தாள். ஓடவில்லை, ஓடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். முன்வாசல் கிரில் கேட் சாத்தியிருந்தது. பூட்டு வெளிப்பக்கம் தொங்கியது.

வெளியே கார் நின்றது. பிரவீன்குமாரும் ஹரிணியும் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. கேட்டுக்கு இரண்டடி தள்ளி, இடுப்பில் தூக்கி வைக்கிற வயசு தாண்டிய சந்தோஷை இடுப்பில் வைத்துக்கொண்டு வனிதா நின்றாள்.

"கதவத் தொறக்கா."

"பாத்துட்டியா" என்றாள் வனிதா, அருணாவின் கையில் இருந்த தாளைப் பார்த்து.

"கதவத் தொற."

"கொஞ்ச நேரம் பொறுத்துக்க அருணா. எண்ணி முடிக்கட்டும். அப்புறம் நானே ஒன்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். எல்லாம் எடுத்து வச்சிருக்கேன்."

காரின் முன்கதவு திறந்திருந்தது. சீட்டில் வெந்நீர் ஃபிளாஸ்க், ரெண்டு துண்டு, துவைத்து மடித்த பழைய பருத்திச் சேலைகள். ரத்தம் துடைக்க எடுத்து வைக்கிற சேலைகள். முதல் தடவை போனபோது இதே அக்காதான் பக்கத்தில் உட்கார்ந்து சேலை மாற்றிவிட்டாள். அருணா கிரிலைப் பிடித்துக்கொண்டாள். இரும்பு வெயிலில் காய்ந்து கையைச் சுட்டது.

"எம் போனக் குடு. நான் அவருகிட்டப் பேசணும்."

மத்தியானம், பஜாரில் ஜெனரேட்டர் ஓடுகிற கடையில் சார்ஜ் போட்டுத் தருகிறேன் என்று போனை வாங்கிப் போனது வனிதாதான்.

"நீயெல்லாம் ஒரு பொம்பளையாக்கா? நான் ஒனக்கு என்ன செஞ்சேன்?"

"நீ ஒண்ணும் செய்யலடி." வனிதா அழுதாள். உண்மையாகவே அழுதாள்; அதுதான் அருணாவுக்குத் தாங்கவில்லை. "ஒரு வருசமா நான் தூங்கல. இவன் கைய என் கையோட துணியால கட்டிக்கிட்டுப் படுக்கிறேன். எண்ணி முடிக்கப்போறப்பல்லாம் வேற ஊருக்குக் கொண்டு போனேன், அங்கிட்டும் மொதல்லேருந்து எண்ணுச்சு. இவனவிடச் சின்னது ஒண்ணு வீட்டுக்குள்ள இருந்தாத்தான் இவன விடுது. செவந்தி புள்ளைக்கப்புறம் ரெண்டு மாசம் சும்மா இருந்துச்சு. மறுபடி ஆரம்பிச்சிருச்சு. நீ போன் பண்ணுன அன்னைக்கு இவனுக்கு எண்ணிக்கிட்டு இருந்துச்சுடி. நீ உள்ள கால் வச்சதும் நிறுத்திட்டு மொதல்லேருந்து ஆரம்பிச்சுது."

"என்னைய ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா வந்திருப்பியா?"

சந்தோஷ் தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சித்தியைப் பார்த்தான். வாயில் விரல்.

"ஒனக்கு இன்னும் ஆகும் அருணா. வயசிருக்கு. அது நீ மொகம்கூடப் பாக்காதது. இவன் நாலு வருசமா என் வயித்து மேல கால் போட்டுத் தூங்குறவன். நீயே சொல்லு, நான் என்ன செய்வேன்."

அருணா சொல்ல வாயெடுத்தாள். மூன்றே மாதம்தான், ஆனால் ராத்திரியெல்லாம் அதோடு பேசியிருக்கிறேன் என்று சொல்ல நினைத்தாள். ரெண்டு போனதையும் சேர்த்து இதோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று.

அதற்குள் வனிதாவின் முகம் மாறியது. அவள் மாடியைப் பார்த்தாள். சந்தோஷின் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள்.

எண்ணுகிற சத்தம் நின்றுவிட்டது.

அருணா காத்திருந்தாள். ஒரு இடைவெளி. இன்னொரு இடைவெளி. அடுத்த சொல் வரவில்லை.

கொல்லைக் கதவு. அங்கேயும் பூட்டு. ஜன்னல்கள். எல்லாவற்றிலும் கம்பி. திருடனுக்குப் பயந்து அத்தான் கனமாகப் போட்ட கம்பி. ஒளிந்துகொள்ள வேண்டும். எங்கே? தன்னை ஒளித்துவிடலாம். வயிற்றை எங்கே ஒளிப்பது?

மாடிப்படியில் முதல் காலடி விழுந்தது.

பெரிய கால் இல்லை. சின்னது. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, நின்று, அடுத்த படி. நடை பழகுகிற பிள்ளை இறங்குகிற மாதிரி. ஆனால் ஒவ்வொரு படிக்கும் வீடு முழுக்க அதிர்ந்தது. அலமாரியில் கண்ணாடித் தம்ளர்கள் கிணுகிணுத்தன.

அருணா தன் ரூமுக்குள் போனாள். குளியலறைக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டாள். இருட்டு. ஈர வாளி. பினாயில் வாசனை. சுவரோடு முதுகை ஒட்டித் தரையில் உட்கார்ந்து முழங்காலை மடக்கினாள். நைட்டிக்கு மேல் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள்.

"பயப்படாத" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். "அம்மா இருக்கேன். பயப்படாத சாமி."

படிகள் முடிந்தன.

வெளியே அது தேடத் தொடங்கியது. பிள்ளைகள் தேடுகிற மாதிரியேதான். ஹால் திரைச்சீலையை விலக்கியது. வளையங்கள் கம்பியில் கிறீச்சிட்டன. சோபாவுக்குப் பின்னால் பார்த்தது. சமையலறை அலமாரிக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தது. எதையும் மூடவில்லை. பிறகு அவள் ரூமுக்குள் வந்தது. கட்டில் விரிப்பைத் தூக்கியது. பீரோவைத் திறந்தது. ஹேங்கர்கள் ஒன்றோடொன்று மோதின.

நின்றது.

பாச்சை உருண்டை வாசனை கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது.

அருணா மூச்சை அடக்கினாள். மாமியாரின் குலசாமி பெயரைச் சொல்ல நினைத்தாள். பெயர் வரவில்லை. வாசலில் அக்கா யாரிடமோ எதையோ கெஞ்சுகிற குரல். அப்புறம் கார் கதவு சாத்துகிற சத்தம். அப்புறம் அதுவும் இல்லை.

கதவை யாரும் தட்டவில்லை. தாழ்ப்பாள் அசையவில்லை. வாசனை மெல்லக் குறைந்தது. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். போய்விட்டது. கண்டுபிடிக்கவில்லை. அவள் கண்ணை மூடி, அடக்கி வைத்திருந்த மூச்சை மெதுவாக விட்டாள். வயிறு உள்ளே இறங்கியது. கைகளும் அதோடு இறங்கின.

அப்போதுதான் குளிர்ச்சி தெரிந்தது.

அவளுடைய இடது கை. அவளுடைய வலது கை. இரண்டுக்கும் அடியில், நைட்டிக்கும் உள்ளே, வெறும் தோலின்மேல் ஒரு கை இருந்தது. உள்ளங்கை. ஐந்து விரல். பிள்ளைக் கையளவுதான்.

அந்தக் கை கொஞ்சம் தடவிப் பார்த்தது. ஒரு இடத்தில் நின்றது. தேடிக் கண்டுபிடித்த ஆளைத் தொட்டு அவுட் ஆக்குகிற மாதிரி, மெதுவாக ஒரு தட்டுத் தட்டியது.

வயிற்றுக்கு உள்ளேயிருந்து பதிலுக்கு ஒரு தட்டு வந்தது.